கணவருக்குக் கிட்னி தர முன்வந்திருப்பவர் கறுப்பின நண்பர். இனம் வேறு என்பதால் பிரச்சினை வருமா?

வாசுகி, சார்லட் (வட கரோலினா) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படிப்பதோடு சரி, இன்றுதான் முதல்முறை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

என் கணவருக்கு வயது 51. ஐஜிஏ நெஃப்ரோபதி என்கிற சிறுநீரக நோய். 2022 ஆகஸ்டிலிருந்து டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி, காலை ஐந்தரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தாக வேண்டும். ரத்தப் பிரிவு பி பாசிட்டிவ். வெயிட் லிஸ்டில் பெயர் இருக்கிறது. பி பிரிவு என்றால் இன்னும் சில வருடம்கூட ஆகலாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் எல்லோரையும் பார்த்தாகிவிட்டது. நான் ஏ பிரிவு. நான் வேறொரு நோயாளிக்குக் கொடுத்து, அவர் வீட்டு டோனர் இவருக்குக் கொடுக்கும் மாற்றிக்கொள்ளும் திட்டத்தில் சேரலாம் என்று போனேன். சின்னவன் வயிற்றில் இருந்தபோது எனக்குச் சர்க்கரை வந்தது, இப்போது மூன்று மாதச் சராசரி 6.3. "நீங்கள் வேண்டாம்" என்றார்கள். கொழுந்தனார் கோயம்புத்தூரில், அதே பி பிரிவுதான், ஆனால் சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது. மாமியாருக்கு 76.

இப்போது கணவரோடு பதினோரு வருடமாக ஒரே ஷிஃப்டில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் தானாகவே வந்து, நான் தருகிறேன் என்கிறார். கறுப்பினத்தவர், வயது 46. இருவரும் ஞாயிற்றுக்கிழமையானால் லேக் நார்மனில் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். என் கணவர் அவருக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே தமிழ் வார்த்தை 'மச்சான்'. அந்தக் கணக்கில் அவர் எனக்கு அண்ணன் முறை, நானும் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறேன். போன மாதம் அவரே போய் ரத்தப் பிரிவு பார்த்துவிட்டு வந்தார். பி பாசிட்டிவ்! அவருடைய அம்மாவுக்கும் நான்கு வருடம் டயாலிசிஸ் நடந்து, 2023ல் மாற்று சிகிச்சை ஆயிற்று. அதனால் எங்கள் வீட்டு நிலைமை அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவ்வளவு நல்ல மனிதர்.

பிரச்சினை எங்கள் பக்கம்தான். மாமியார் தென்காசியிலிருந்து போனில், "நம்ம ரத்தம் வேற, அவங்க ரத்தம் வேற, ஒட்டுமாம்மா?" என்று கேட்கிறார். சொந்தக்காரர் ஒருவர், பொறுத்திருந்தால் நம் ஆட்களே யாராவது கிடைப்பார்கள் என்கிறார். இதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இரவில் தூக்கம் வராமல் தேடிப் பார்த்தபோது, கறுப்பினத்தவர் தந்த சிறுநீரகம் சராசரியில் சீக்கிரம் பழுதாகிறது, மதிப்பெண் போடும்போதே அதைக் கணக்கில் எடுத்தார்கள் என்று படித்தேன். அதிலிருந்து மனசு சரியில்லை. இதை அண்ணனிடம் எப்படிக் கேட்பது? டாக்டரிடம் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. இதைக் கேட்பதே தப்போ என்றும் தோன்றுகிறது.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சாரல்காற்று எழுதியது:

சகோதரி, என் பெரியப்பாவுக்கு அவர் தங்கைதான் கொடுத்தார். பதினேழு வருடம் ஓடியது. சொந்த ரத்தம் என்றால் அது தனிதான். வேற்று இனம் என்றால் உடம்பு ஏற்றுக்கொள்ளாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவசரப்படாதீர்கள். நம் ஆட்கள் யாராவது கிடைக்கும்வரை பொறுக்கலாமே.

---

பாளையங்கோட்டை சிஸ்டர் எழுதியது:

சாரல்காற்று தம்பி, உங்கள் பெரியப்பாவுக்கு ஓடியது தங்கை என்பதால். ஒரே இனம் என்பதால் அல்ல. இரண்டும் ஒன்றில்லை.

வாசுகி, நான் டெக்சாஸில் 14 வருடம் மாற்று சிகிச்சைப் பிரிவில் ஒருங்கிணைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அதற்கு முன்னால் பாளையங்கோட்டையில் நர்ஸ். நீ கேட்டது தப்பே இல்லை. பெரிய டாக்டர்களே இருபது வருடமாக மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி அது. ஆனால் நீ கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் உன் பதிவிலேயே இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் எழுந்து போய்விடாதே.

முதலில் 'ஒட்டுமா' என்ற கேள்வி. உடம்புக்கு இனம் தெரியாது. அதற்குத் தெரிந்தது ரத்தப் பிரிவு, அப்புறம் ஹெச்எல்ஏ என்கிற அடையாளப் புரதங்கள், அப்புறம் தன்னிடம் ஏற்கனவே இருக்கிற எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி). கூடப் பிறந்தவர்களுக்கு இந்த ஹெச்எல்ஏ முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. அந்தப் பெரியப்பாவுக்கு அதுதான் அடித்திருக்கும். சொந்தமில்லாதவர் என்று வந்துவிட்டால், பார்க்கிற ஆறு அடையாளங்களில் ஒன்றோ இரண்டோ பொருந்துவதே பெரிய விஷயம். அவர் தென்காசிக்காரராக இருந்தாலும் அப்படித்தான், தெற்குக் கரோலினாக்காரராக இருந்தாலும் அப்படித்தான். ஒரே வட்டாரத்து ஆட்களுக்குள் பொருத்தம் கொஞ்சம் கூடும், அது உண்மை. அதனால்தான் டோனர்களில் வெள்ளையர் அதிகமான இந்த நாட்டில், காத்திருப்போர் பட்டியலில் மற்றவர்கள் பின்தங்கிப் போனார்கள். அதைச் சரிசெய்யத்தான் 2003ல் ஹெச்எல்ஏ-பி (அந்தப் புரதங்களில் ஒரு வகை) பொருத்தத்துக்குக் கொடுத்துவந்த புள்ளிகளை எடுத்தார்கள். இன்றைய மருந்துகளில் அந்தப் பொருத்தத்தின் எடை முன்னைவிடக் குறைவு. உயிரோடு இருப்பவர் தரும் சிறுநீரகம், பொருத்தம் சுமாராக இருந்தாலும், இறந்தவரிடமிருந்து வருவதைவிடப் பொதுவாக அதிக காலம் ஓடும். இருவர் ரத்தத்தையும் கலந்து பார்க்கிற க்ராஸ்மேட்ச் சோதனை நெகட்டிவாக வர வேண்டும், அதுதான் முக்கியம். உன் கணவருக்கு எப்போதாவது ரத்தம் ஏற்றினார்களா? ஏற்றியிருந்தால் எதிர்ப்பொருள் கொஞ்சம் கூடியிருக்கும்.

ரத்தப் பிரிவு பொருந்தியதை நீ அதிசயமாக எழுதியிருக்கிறாய். அதிசயம் இல்லை. நம் ஊரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பி. இங்கே வெள்ளையர்களில் பத்தில் ஒருவர்தான். கறுப்பினத்தவரில் ஐந்தில் ஒருவர். நம் ஆள் கிடைக்கட்டும் என்று அமெரிக்காவில் காத்திருப்பவர்களிடம் நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

இனி நீ ராத்திரியில் படித்த அந்த மதிப்பெண். அதன் பெயர் கேடிபிஐ. இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகத்துக்கு 0 முதல் 100 வரை போடுவார்கள். எண் குறைந்தால் நல்லது. 2014 டிசம்பரிலிருந்து பங்கீடே அதை வைத்துத்தான். அதற்கு அடிப்படையான சூத்திரம் 2009ல் வந்தது, அதில் டோனரைப் பற்றிப் பத்து விஷயங்கள். வயது, உயரம், எடை, பிரஷர், சர்க்கரை, ரத்தத்தில் தங்கும் கழிவான கிரியேட்டினின் இப்படிப் போகும். அதில் ஒன்று 'கறுப்பினத்தவரா'. அதற்குக் கொடுத்த எடை எவ்வளவு தெரியுமா? டோனருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் கொடுக்கும் எடையைவிட அதிகம்! நல்ல திடகாத்திரமான 25 வயதுப் பையன் விபத்தில் போயிருப்பான். அவன் கறுப்பினத்தவன் என்ற ஒரே காரணத்தால் எண் ஏறிவிடும். எண் ஏறினால் ஆபரேஷன் டாக்டர்கள் தயங்குவார்கள், வேண்டாம் என்பார்கள், நல்ல சிறுநீரகம் குப்பைக்குப் போகும். ராத்திரி இரண்டு மணிக்கு போனில் இந்த எண்ணைப் படித்துக்காட்டி, அந்தப் பக்கம் தயங்குகிற மூச்சைக் கேட்டவள் நான். 2024 அக்டோபர் கடைசியில் அந்த இன வரியைச் சூத்திரத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அப்படியானால் அந்தக் கணக்கு முழுப் பொய்யா என்றால், அதுவும் இல்லை. சராசரியில் வித்தியாசம் தெரிந்தது நிஜம். ஏன் தெரிந்தது என்பதற்கு விடை 2010ல் கிடைத்தது. ஏபிஓஎல்1 என்று ஒரு மரபணு. அதில் ஜி1, ஜி2 என்று இரண்டு மாற்றங்கள், மேற்கு ஆப்பிரிக்க வேர் உள்ளவர்களிடம் அதிகம். தூக்க நோய் உண்டாக்கும் கிருமியிலிருந்து அது காப்பாற்றும், அதனால் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டது. நீலகிரிப் பழங்குடியினரிடம் இருக்கும் அரிவாள் செல் சமாச்சாரம் மலேரியாவுக்கு எதிரான கவசம் என்பார்களே, அந்த மாதிரி. ஒரு பிரதி இருந்தால் பெரிய தொந்தரவில்லை. அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என்று இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து கூடுகிறது. ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு இப்படி இரண்டு பிரதி உண்டு.

இதை உன் மாநிலத்திலேயே, வின்ஸ்டன்-சேலத்தில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் பார்த்தார்கள். கறுப்பின டோனர்களிடமிருந்து வந்த 136 சிறுநீரகங்களை எடுத்துக்கொண்டு மரபணுவைச் சோதித்தார்கள். 2011ல் வந்த கட்டுரை அது. 22 சிறுநீரகங்களில் இரண்டு பிரதி இருந்தது. சீக்கிரம் பழுதானவை அந்த வகைதான். மீதி நூற்றுச் சொச்சத்துக்கும் சேர்த்து ஒரே முத்திரை குத்திவைத்திருந்தோம். ஆபத்து சிறுநீரகத்தோடு கூடவே வருகிறது, வாங்குபவர் யாராக இருந்தாலும். ஆக, அண்ணன் கறுப்பினத்தவரா என்பது உனக்குத் தேவையில்லாத கேள்வி. அவருக்கு அந்த இரண்டு பிரதி உண்டா என்பதுதான் கேள்வி. ரத்தத்திலோ எச்சிலிலோ பார்த்துவிடலாம்.

இப்போது நான் கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது. "அவருடைய அம்மாவுக்கும் நான்கு வருடம் டயாலிசிஸ்" என்று நீ நன்றியோடு எழுதியிருக்கிறாய். நான் அந்த வரியில் நின்றுவிட்டேன். அம்மாவுக்குச் சிறுநீரகம் போனது எதனால்? சர்க்கரையா, பிரஷரா, காரணம் தெரியவில்லை என்றார்களா? இங்கே எத்தனையோ கறுப்பினத்தவர்களுக்கு 'பிரஷரால் வந்தது' என்று எழுதி மூடிய ஃபைல்களில் உண்மையான காரணம் இந்த மரபணுதான். அம்மாவுக்கு இரண்டு பிரதி என்றால் மகனுக்கு ஒன்று நிச்சயம். இரண்டாவது அப்பா வழியில் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம்.

அவருடைய சிறுநீரகம் உன் கணவரிடம் எத்தனை வருடம் ஓடும் என்று நீ கவலைப்படுகிறாய். இரண்டில் ஒன்றைக் கொடுத்துவிட்டு மீதி ஒன்றை வைத்துக்கொண்டு அவர் எத்தனை வருடம் ஓட்டுவார்? 2014ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. தானம் கொடுத்து 15 வருடத்துக்குள் தங்கள் சிறுநீரகமே செயலிழந்தவர்கள் 10,000க்கு 31 பேர். கொடுக்காத அதே அளவு ஆரோக்கியமானவர்களில் 4 பேர். கொடுத்தவர்களையே பிரித்துப் பார்த்தால், வெள்ளையரில் 10,000க்கு 23, கறுப்பினத்தவரில் 10,000க்கு 75. மொத்தத்தில் சின்ன எண்தான், பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அந்த 75 பேரில் தன் அண்ணன் இருக்கக்கூடாது என்று எந்தத் தங்கையும் நினைப்பாள்.

டோனருக்கென்று தனியாக ஒரு பாதுகாவலர் இருப்பார், அது இங்கே சட்டம். அவரிடம் அண்ணன் தன் அம்மா விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏபிஓஎல்1 சோதனையைக் கேட்க வேண்டும். சில இடங்களில் தாமாகவே செய்வார்கள். சில இடங்களில் கேட்டால்தான் செய்வார்கள்.

---

ஹாரோ குமரன் எழுதியது:

சிஸ்டர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் வாங்கியவன் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

லண்டனில் எனக்கு 2019ல் மாற்று சிகிச்சை. நானும் பி. நான்கரை வருடம் காத்திருந்தேன். என்னுடன் டயாலிசிஸுக்கு வந்த வெள்ளைக்கார நண்பர்கள் இரண்டு பேர் எனக்குப் பின்னால் பட்டியலில் சேர்ந்து எனக்கு முன்னால் போனார்கள். கோபித்து என்ன செய்வது, நம்மில் கையெழுத்துப் போட்டு வைத்தவர்கள் எத்தனை பேர்? இங்கிலாந்தில் 2020 மே மாதத்திலிருந்து, வேண்டாம் என்று பதிவு செய்யாதவர்கள் எல்லோரும் சம்மதித்ததாகத்தான் கணக்கு. ஆனாலும் குடும்பத்திடம் கேட்பார்கள். கேட்கும்போது நம் வீடுகளில் மாமா சித்தப்பா எல்லோரும் கூடி, முழு உடம்பாக அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிடுகிறார்கள்.

எனக்குத் தந்தவர் ஐம்பதுகளில் இருந்த ஒரு பெண்மணி. அவ்வளவுதான் சொன்னார்கள். அவர் என்ன இனம், என்ன சாமி கும்பிட்டார், எதுவும் தெரியாது. ஆறு வருடமாக கிரியேட்டினின் 120லிருந்து 130க்குள் நிற்கிறது (இது இங்கிலாந்துக் கணக்கு, அமெரிக்காவில் 1.4 பக்கம் வரும்).

இனம் எங்கே வந்து இடித்தது என்றால், மருந்தில். புதுச் சிறுநீரகத்தை உடம்பு எதிர்க்காமல் இருக்கத் தரும் டாக்ரோலிமஸ் ரத்தத்தில் அளவே ஏறவில்லை. முதல் மூன்று வாரம் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். கல்லீரலில் அந்த மருந்தை வேகமாகக் கரைக்கும் ஒரு நொதி உண்டு, வெள்ளையர்களில் பெரும்பாலோருக்கு அது வேலை செய்யாது, ஆப்பிரிக்க வழியினரில் பெரும்பாலோருக்கு வேலை செய்யும், நம் ஆட்கள் நடுவில் என்று மருந்தாளுநர் விளக்கினார். உங்கள் கணவருக்கும் அளவு ஏற நாளானால் பயப்பட வேண்டாம்.

இன்னொன்று, சர்க்கரை. சிகிச்சைக்கு முன் எனக்குச் சர்க்கரையே கிடையாது. ஐந்தாவது மாதம் வந்தது. ஸ்டீராய்டும் டாக்ரோலிமஸும் சேர்ந்தால் தெற்காசிய உடம்பில் இது சகஜம் என்றார்கள். எனக்கு அதை முன்னாலேயே யாரும் அழுத்திச் சொல்லவில்லை, இட்லியைக் குறைத்திருப்பேன். குறைத்திருப்பேனா தெரியவில்லை, ஆனால் தெரிந்தாவது சாப்பிட்டிருப்பேன்.

---

பாளையங்கோட்டை சிஸ்டர் எழுதியது:

குமரன் சொன்ன நொதி விஷயம் பெரிய விஷயம். கறுப்பின நோயாளிகளுக்கு மாற்றிய சிறுநீரகம் சீக்கிரம் போகிறது என்று ரொம்ப காலம் பேசிக்கொண்டிருந்தோம். எல்லோருக்கும் ஒரே அளவு மருந்தில் ஆரம்பித்தால், வேகமாகக் கரைக்கிறவருக்கு முதல் வாரங்களில் மருந்து போதாது. அப்புறம் காசு. வயதாலோ ஊனத்தாலோ அல்லாமல் சிறுநீரகம் போனதால் மட்டும் மெடிகேர் என்கிற அரசுக் காப்பீடு வாங்கியவர்களுக்கு, சிகிச்சை முடிந்து 36 மாதத்தில் அது நின்றுவிடும். எதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் மருந்துக்கு மட்டுமாவது தொடரும் என்று மாற்றியது 2023 ஜனவரியில்தான். அதற்கு முன் 37வது மாதம் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். லேப் ரிப்போர்ட்டில் அவர் 'மருந்து ஒழுங்காக எடுக்காதவர்'. வருட முடிவுக் கணக்கில் அவர் 'கறுப்பினம், சிறுநீரகம் இழப்பு'.

அமெரிக்கப் புள்ளிவிவரத்தில் ஆசியர்களுக்குச் சிறுநீரகம் நன்றாகவே ஓடுகிறது, வெள்ளையர்களைவிடவும். ஆனால் ஆசியர் என்ற ஒரு பெட்டிக்குள் சீனர், பிலிப்பினோ, நாம் எல்லோரும் இருக்கிறோம். அதைப் பார்த்து நாம் சந்தோஷப்பட்டுக் கொள்வதில் அர்த்தமில்லை. குமரன் தம்பி சொன்ன சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

வாசுகி எழுதியது:

சிஸ்டர், உங்கள் பதிவைப் படித்துவிட்டு அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த வரியை எழுதியவள் நான்தான். எனக்கு அது தோன்றவேயில்லை.

கணவருக்கு 2022ல் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். எதிர்ப்பொருள் கணக்கு 22 சதவீதம் என்று போட்டிருக்கிறது, அதாவது நூறு டோனரில் 22 பேருடையது இவருக்கு ஒத்துவராது. ஒன்று மட்டும் நல்ல செய்தி, முதல் க்ராஸ்மேட்ச் நெகட்டிவ்.

சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து அண்ணன்தான் இவரை வீட்டில் கொண்டுவந்து விட்டார். சாப்பிட உட்காரவைத்துவிட்டுக் கேட்டேன். அம்மாவுக்கு எதனால் என்று அவருக்கும் சரியாகத் தெரியவில்லை. 'ஹை பிரஷர்' என்று சொன்னார்களாம். நீங்கள் எழுதியது அப்படியே. அவருடைய பெரியம்மா ஒருவரும் டயாலிசிஸில் இருந்துதான் இறந்திருக்கிறார்.

அவர் இன்னொரு கதையும் சொன்னார். அம்மாவை வெயிட் லிஸ்டில் சேர்க்கவே தாமதமாயிற்றாம். ரிப்போர்ட்டில் எப்போதும் இரண்டு எண் இருக்கும், ஒன்று மற்றவர்களுக்கு, ஒன்று கறுப்பினத்தவர்களுக்கு. அம்மாவுக்கு இரண்டாவதைத்தான் பார்ப்பார்கள். 2023ல் ஒரு கடிதம் வந்தது. பழைய கணக்கு மாறிவிட்டது, உங்களுக்கு இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருப்புக் காலம் கூட்டித் தருகிறோம் என்று. எட்டே மாதத்தில் சிறுநீரகம் கிடைத்துவிட்டது. "அம்மா சந்தோஷப்பட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த இரண்டு வருடத்தையும் நாற்காலியில் உட்கார்ந்து கழித்தது அவள்" என்றார்.

சோதனைக்குச் சரி என்றுவிட்டார். பயம் இல்லையா என்று கேட்டேன். "இருந்தால் இப்போதே இருக்கிறது. பார்ப்பதால் புதிதாக வரப்போவதில்லையே" என்றார்.

---

பாளையங்கோட்டை சிஸ்டர் எழுதியது:

அந்தக் கடிதம் வந்ததன் கதை எனக்குத் தெரியும். சிறுநீரகம் எத்தனை வேலை செய்கிறது என்ற எண்ணை, கறுப்பினத்தவர் என்றால் 16 சதவீதம் கூட்டிச் சொன்ன சூத்திரம் ஒன்று, 21 சதவீதம் கூட்டிய பழைய சூத்திரம் ஒன்று. டயாலிசிஸுக்கு முன்பே பட்டியலில் காலம் ஓடத் தொடங்க அந்த எண் 20க்கு இறங்க வேண்டும். வெள்ளைக்காரருக்கு 18 என்று வரும் அதே ரத்தம் அவருக்கு 21 என்று காட்டும். போய்விட்டு ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று நானே போன் செய்து சொல்லியிருக்கிறேன், சூத்திரம் சொன்னதை நம்பி. 2021 செப்டம்பரில் இனமில்லாத சூத்திரம் வந்தது, 2022 ஜூலையிலிருந்து பட்டியலுக்கு அதுதான் கட்டாயம். 2023 ஜனவரியிலிருந்து ஒரு வருடம் பழைய ஃபைல்களைத் தோண்டி இழந்த காலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். 14,000க்கும் மேற்பட்டவர்களுக்கு, சராசரியாக ஏறக்குறைய இரண்டு வருடம்.

பெரியம்மாவும் என்றால் அந்தச் சோதனை கட்டாயம் வேண்டும். முடிவு வரும்வரை எந்தத் தேதியும் குறிக்காதீர்கள்.

---

வாசுகி எழுதியது (ஆறு வாரம் கழித்து):

எல்லோருக்கும் ஒரு தகவல். அண்ணனுக்கு இரண்டு பிரதி. ஜி1 ஒன்று, ஜி2 ஒன்று.

மருத்துவமனையிலிருந்து எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை, டோனர் விவரத்தை வாங்குபவர் பக்கம் சொல்லக்கூடாதாம். 'இந்த டோனரோடு தொடர முடியாது' என்று ஒரே வரிதான் வந்தது. அன்று சாயங்காலம் அவரே வந்தார். கதவைத் திறந்ததும் "ஸாரி மச்சான்" என்றார். என் கணவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு பேரும் வெளியே படியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்கள். நான் டீ கொண்டுபோய் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அண்ணனுக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை. சிறுநீரில் புரதம் இல்லை, பிரஷர் கொஞ்சம் மேல் கோட்டில். இரண்டு பிரதி உள்ளவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றும் வராமலேயே போகலாம், ஆனால் வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார்களாம். அக்கா, தங்கை இருவரையும் சோதனைக்குப் போகச் சொல்லியிருக்கிறார். தங்கை போகமாட்டேன் என்கிறாள்.

எனக்கு அழுகை வந்தது நிஜம். ஆனால் எதற்கு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். 'ஒட்டுமா' என்று கேட்டவர்தான். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. அப்புறம், "அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிறாதே?" என்றார். இப்போது தினமும் மகனைக் கேட்பதற்கு முன் அவரைத்தான் கேட்கிறார்.

பழையபடி பட்டியல்தான். அண்ணன் தன் தேவாலயத்தில் பி பிரிவு யார் யார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை.

---

சாரல்காற்று எழுதியது:

சகோதரி, நான் முதலில் எழுதியதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தெரியாமல் சொல்லிவிட்டேன். உங்கள் கணவருக்குச் சீக்கிரம் கிடைக்கட்டும்.

---

பாளையங்கோட்டை சிஸ்டர் எழுதியது:

வாசுகி, அழுதுகொள். அப்புறம் ஒரு வேலை இருக்கிறது. உன் கணவர் பி தானே. ஏ பிரிவிலேயே ஏ2 என்று ஒரு துணைப்பிரிவு உண்டு, வெள்ளையர்களில் ஏ பிரிவினர் ஐந்து பேரில் ஒருவருக்கு இருக்கும். அந்தச் சிறுநீரகத்தைப் பி பிரிவினருக்கு வைக்கலாம், 2014 முறையிலேயே அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். கறுப்பினத்தவரும் நம்மைப் போன்றவர்களும் பி பட்டியலில் தேங்கிக் கிடப்பதைக் குறைக்கத்தான். ஆனால் எல்லா மையங்களும் செய்வதில்லை, நோயாளியின் கையெழுத்து தனியாக வேண்டும், ஏ பிரிவுக்கு எதிரான டைட்டர், அதாவது எதிர்ப்பொருளின் அளவு, குறைவாக இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா?

---

வாசுகி எழுதியது:

அப்படி ஒரு ஃபார்ம் பார்த்த நினைவே இல்லை சிஸ்டர். திங்கட்கிழமை கேட்கிறேன். டைட்டருக்கு ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போக வேண்டுமா?

---

பாளையங்கோட்டை சிஸ்டர் எழுதியது:

வேண்டாம். டயாலிசிஸ் நாற்காலியிலேயே ஒரு குழாய் கூடுதலாக எடுத்து அனுப்பச் சொல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்ப எடுக்க வேண்டும், மறந்துவிடுவார்கள், நீதான் நினைவுபடுத்த வேண்டும். உங்கள் மையத்தில் செய்வதில்லை என்று சொன்னால் எனக்கு எழுது. பக்கத்தில் எங்கே செய்கிறார்கள் என்று விசாரித்துச் சொல்கிறேன்.